ப்ராப் 2 முதல் 36 வரை: கலிபோர்னியா ஓட்டுச்சீட்டை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

சான்ஹோசே வாசகி | 9 அக்டோபர் 2024

வணக்கம். குடியுரிமை வாங்கிய பிறகு நான் போடப்போகும் முதல் பொதுத்தேர்தல் ஓட்டு இது. சீட்டு தபாலில் வந்துவிட்டது. அதிபர் தேர்தல் பற்றி எனக்குக் குழப்பமில்லை. அதற்குக் கீழே இருப்பதுதான் தலையைச் சுற்ற வைக்கிறது.

மாநில அளவில் மட்டும் பத்து ப்ராப்கள், அதாவது நாமே 'ஆம்', 'இல்லை' என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் சட்ட முன்மொழிவுகள்: 2, 3, 4, 5, 6, அப்புறம் 32 முதல் 36 வரை. அதோடு கவுண்டி, நகரம், பள்ளி வாரியம், தண்ணீர் வாரியம். மாநில அரசு அனுப்பிய விளக்கப் புத்தகத்தை இரண்டு ராத்திரி படித்தேன். ஒரே ப்ராப்பை ஒருவர் ஏழைகளைக் காக்கும் என்கிறார், அடுத்த பக்கத்தில் இன்னொருவர் ஏழைகளைக் கெடுக்கும் என்கிறார். இரண்டிலும் டாக்டரும் ஆசிரியரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, செனட் பதவிக்கு ஷிஃப், கார்வி என்ற அதே இரண்டு பெயர்கள் இரண்டு இடத்தில் வருகின்றன. அச்சுப் பிழையா?

ஊரில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வந்தால் வேலை முடிந்தது. இங்கே சட்டத்தையே நம்மிடம் கேட்கிறார்கள். நீங்கள் எல்லாம் எப்படி முடிவு செய்கிறீர்கள்? யாருக்குப் போட வேண்டும் என்று சொல்ல வேண்டாம், எப்படி யோசிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

கரிசல்காடு | 9 அக்டோபர் 2024

வாழ்த்துகள் மேடம். செனட் விஷயம் பிழையில்லை. செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் 2023 செப்டம்பரில் இறந்ததால் அவருடைய பதவிக்காலத்தில் மிச்சமிருக்கும் சில வாரங்களுக்கு ஒரு தேர்தல், ஜனவரியில் தொடங்கும் ஆறு ஆண்டுக்கு ஒரு தேர்தல். இரண்டிலும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

ப்ராப்களுக்கு வருகிறேன். நான் புத்தகத்தில் ஆதரவு, எதிர்ப்பு வாதங்களைக் கடைசியில்தான் படிப்பேன். அவை இரு தரப்பும் எழுதிக் கொடுத்தவை. முதலில் படிக்க வேண்டியது சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம், சுருக்கமாக எல்.ஏ.ஓ., எழுதும் பகுதி. கட்சி சாராத அலுவலகம் அது. இப்போது சட்டம் என்ன, இது வந்தால் என்ன மாறும், அரசுக்கு எவ்வளவு செலவு என்று மூன்றையும் வரிசையாகச் சொல்வார்கள். தலைப்பையும் சுருக்கத்தையும் எழுதுபவர் அட்டர்னி ஜெனரல். அவர் கட்சி சார்பில் தேர்தலில் நின்று வந்தவர். அதனால் தலைப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி ஒன்றுதான்: 'இல்லை' ஜெயித்தால் நாளைக் காலையில் எந்தச் சட்டம் நிற்கும்? பாதி குழப்பம் அதிலேயே தீரும். ப்ராப் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தன்பால் திருமணம் இங்கே 2013 முதல் நடக்கிறது. ஆனால் 2008-ல் வந்த ப்ராப் 8-இன் தடை வாசகம் மாநில அரசியலமைப்பில் இன்னும் அப்படியே இருக்கிறது. 'இல்லை' ஜெயித்தால் அந்த வாசகம் அங்கேயே கிடக்கும், திருமணங்களும் நடக்கும். 'ஆம்' ஜெயித்தால் வாசகம் போய்விடும். இந்தத் தெளிவு வந்தபிறகு முடிவு உங்கள் மனசாட்சி.

இரண்டாவது கேள்வி: இதைச் சீட்டில் கொண்டுவந்தது யார்? சட்டமன்றமே அனுப்பியதா, கையெழுத்து வேட்டையில் வந்ததா? இந்த முறை 2 முதல் 6 வரை சட்டமன்றம் அனுப்பியவை. 32 முதல் 36 வரை எல்லாம் கையெழுத்தில் வந்தவை. 1911-ல் ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில் இந்த முறை வந்தபோது, சதர்ன் பசிஃபிக் ரயில் கம்பெனியின் பிடியிலிருந்து மாநிலத்தை மீட்க மக்களுக்குக் கொடுத்த ஆயுதம் இது. இன்றைக்குச் சாதாரணச் சட்டத்துக்கே 5,46,651 செல்லுபடியாகும் கையெழுத்து வேண்டும். கடை வாசலில் மேஜை போட்டு நிற்பவர்களில் பெரும்பாலோர் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள். அந்தக் கூலியை யாரோ கொடுக்க வேண்டும். 2020-ல் ப்ராப் 22-க்காக ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் போன்ற கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் இறைத்தன. ஓட்டுநர்கள் ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள் என்று சட்டமாகிவிட்டது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கையெழுத்து மூலம் வந்து நிறைவேறிய சட்டத்தைச் சட்டமன்றம் தன்னிஷ்டத்துக்குத் திருத்த முடியாது. அந்தச் சட்டமே அனுமதித்திருந்தால் ஒழிய, மறுபடி மக்களிடம்தான் வர வேண்டும். அவசரத்தில் போட்ட 'ஆம்' இருபது வருடம் நிற்கும். சொத்து வரிக்கு வரம்பு போட்ட 1978-ன் ப்ராப் 13 இன்னும் நிற்கிறது.

வைகைக்கரை | 10 அக்டோபர் 2024

கரிசல்காடு அண்ணா சொன்ன முறையை வாடகைக் கட்டுப்பாடு பற்றிய 33-க்குப் போட்டுப் பார்க்கிறேன், ஏனென்றால் நான் வாடகைக்காரன்.

இன்று நிற்கும் சட்டம்: 1995-ன் காஸ்டா-ஹாக்கின்ஸ். தனி வீடுகளுக்கும், 1995 பிப்ரவரிக்குப் பிறகு கட்டியவற்றுக்கும் நகரங்கள் வாடகைக் கட்டுப்பாடு போட முடியாது. குடியிருப்பவர் காலி செய்தால் உரிமையாளர் அடுத்தவருக்கு இஷ்டப்படி வாடகை வைக்கலாம். சான்ஹோசேயில் நகரத்தின் கட்டுப்பாடு 1979 செப்டம்பருக்கு முன் கட்டிய, மூன்று வீடோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களுக்கு மட்டும். வருடம் 5% வரை ஏற்றலாம். எங்கள் கட்டடம் எண்பதுகளில் கட்டியது. நகரத்தின் பாதுகாப்பு எங்களுக்கு இல்லை. 2019-ல் வந்த மாநிலச் சட்டம் மட்டும்தான். அதில் விலைவாசியோடு 5% சேர்த்து, அதிகபட்சம் 10% வரை ஏற்றலாம்.

பத்து சதவீதம் என்றால் என்னவென்று வாடகை கட்டுபவனுக்குத்தான் தெரியும். 3,000 டாலர் 3,300 ஆகும். அடுத்த வருடம் 3,630. பிள்ளையின் பள்ளியை மாற்றக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறோம். நகரங்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்கிறது 33. நான் 'ஆம்'.

நீலாங்கரை | 10 அக்டோபர் 2024

தம்பி, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. நானும் பன்னிரண்டு வருடம் வாடகைக்கு இருந்தவன். இப்போது ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆகவே என் சார்பும் எல்லோருக்கும் தெரியட்டும்.

33-ன் முக்கியமான வாசகம் ஒரே வரி. எந்த நகரமும் வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவரும் உரிமையை மாநிலம் கட்டுப்படுத்தக் கூடாது. ஒரு நகரம் புதுக் கட்டடத்துக்கும் முதல் நாளிலிருந்தே மிகக் குறைந்த வாடகை என்று விதி போட்டால்? யாரும் கட்ட வரமாட்டார்கள். எங்கள் ஊரில் புது அபார்ட்மென்ட் வேண்டாம் என்று நினைக்கும் பணக்கார நகரங்கள் இதையே வேலியாகப் பயன்படுத்தலாம். அதைத் தடுக்க மாநிலத்தின் கையில் ஒன்றும் இருக்காது. வாடகை ஏறுவது வீடு போதாததால். வீடு கட்டுவதைக் குறைக்கும் எதுவும் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் முதலில் வலிக்கும்.

காலி வீட்டுக்குச் சந்தை வாடகை, 1995 என்ற தேதியை மட்டும் நகர்த்துவது என்று வந்திருந்தால் நான் 'ஆம்' போட்டிருப்பேன். இது அப்படி வரவில்லை.

வைகைக்கரை | 10 அக்டோபர் 2024

அண்ணா, தேதியை நகர்த்தும் மசோதா சட்டமன்றத்தில் தேறும் என்றால் இவர்கள் ஏன் மூன்றாவது முறையாகக் கையெழுத்து வாங்கப்போகிறார்கள்? 2018-ல் ப்ராப் 10, 2020-ல் ப்ராப் 21, இரண்டும் தோற்றன. உரிமையாளர் சங்கங்களுக்குச் சட்டமன்றத்தில் பலம் அதிகம். கிடைக்காத நல்ல திருத்தத்துக்காகக் காத்திருந்தால் அதற்குள் நாங்கள் தூரத்தில் இருக்கும் டிரேசிக்குப் போய்விடுவோம். ஆனால் பணக்கார நகரங்கள் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் உறுத்துகிறது, அதை மறுக்கவில்லை.

சான்ஹோசே வாசகி | 11 அக்டோபர் 2024

இது மிகவும் உதவுகிறது. 34 என்ன? நோயாளிகளுக்கு வரும் மருந்துப் பணத்தை நோயாளிகளுக்கே செலவழிக்க வேண்டும் என்கிறது. இதை யார் எதிர்ப்பார்கள்?

கரிசல்காடு | 11 அக்டோபர் 2024

இந்த ஒரு ப்ராப்புக்காகவே நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்.ஏ.ஓ. பகுதியைத் திறந்து, இந்த விதி யாருக்குப் பொருந்தும் என்ற பத்தியைப் பாருங்கள். மத்திய அரசின் மருந்துத் தள்ளுபடித் திட்டத்தில் வரும் வருமானத்தில் 98% நேரடி சிகிச்சைக்கே போக வேண்டும். எல்லா மருத்துவ நிறுவனங்களுக்கும் அல்ல. எந்தப் பத்து வருடத்திலாவது நேரடி சிகிச்சை அல்லாதவற்றுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்க வேண்டும். அதோடு, அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் நடத்தியிருக்க வேண்டும். அந்தக் குடியிருப்புகளில் கடுமையான சுகாதார, பாதுகாப்பு மீறல்கள் குறைந்தது 500 பதிவாகியிருக்க வேண்டும்.

மருத்துவமும் பார்த்து, வாடகைக் கட்டடமும் நடத்தி, இத்தனை மீறலும் உள்ள நிறுவனங்கள் எத்தனை இருக்கும்? லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷனை மனதில் வைத்து எழுதியது என்று எல்லோரும் பேசுகிறார்கள். ப்ராப் 10, 21, இப்போது 33, மூன்றுக்கும் பணம் போட்டது அந்த அமைப்புதான். 34-க்குப் பணம் போடுவது யார்? கலிபோர்னியா அபார்ட்மென்ட் அசோசியேஷன், அதாவது கட்டட உரிமையாளர் சங்கம். 33-ஐ எதிர்ப்பவர்களே 34-ஐக் கொண்டுவந்திருக்கிறார்கள், மறுபடி 33 போல ஒன்று வராதபடி பண ஊற்றை அடைக்க.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. நோயாளிகள் பேரில் கிடைக்கும் தள்ளுபடிப் பணம் தேர்தல் பிரசாரத்துக்குப் போகலாமா என்ற கேள்வி நியாயமானது. அந்த அமைப்பின் கட்டடங்களில் குடியிருப்பவர்களின் புகார்களும் பொய்யில்லை. ஆனால் விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஒரே ஒரு எதிராளியின் அளவெடுத்துத் தைத்த சட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். 33-ல் நான் நீலாங்கரை பக்கம், 'இல்லை'. 34-லும் 'இல்லை'.

தாமிரபரணி | 12 அக்டோபர் 2024

நான் ஈஸ்ட் பேயில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு 36-தான் முக்கியம். ஒரே ஆள் நான்கு தடவை வந்து நெய் ஜாடிகளைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து போகிறார். கேமராவில் முகம் தெளிவாக இருக்கிறது. புகார் கொடுத்தால் 950 டாலருக்குக் கீழே, சிறு குற்றம் என்று எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கடையில் வேலை பார்க்கும் பெண் மாலை நேரத்தில் தனியாக நிற்கப் பயப்படுகிறாள். இரண்டு முறை திருட்டுக்குத் தண்டனை பெற்றவர் மூன்றாவது முறை திருடினால், தொகை எவ்வளவானாலும் பெரிய குற்றமாக வழக்குப் போடலாம் என்கிறது 36. எங்களுக்கு இது தேவை. சான்ஹோசே மேயரே ஆதரிக்கிறார். நான் 'ஆம்'.

கல்லணை | 12 அக்டோபர் 2024

ஐயா, உங்கள் கடையில் நடப்பது கொடுமை. அதை யாரும் சின்ன விஷயம் என்று சொல்லக்கூடாது. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள்.

950 டாலர் வரம்பால்தான் திருட்டு பெருகியது என்பார்கள். டெக்சாஸில் அந்த வரம்பு 2,500 டாலர். ஆக எண்ணை விட, பிடிக்கிறார்களா, வழக்கு நடக்கிறதா என்பதுதான் முக்கியம். உங்கள் நான்கு புகாரிலும் ஆளைப் பிடிக்கவே இல்லையென்றால் 36 வந்தாலும் அவருக்கு முந்தைய தண்டனை என்று ஒன்றும் இருக்காதே. ஆகஸ்டில் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டங்கள் பல கடைகளில் திருடியதைக் கூட்டிக் கணக்கிட ஏற்கெனவே வழி செய்திருக்கின்றன.

இரண்டாவது பணம். 950 டாலர் வரை உள்ள திருட்டைச் சிறு குற்றமாக்கிய 2014-ன் ப்ராப் 47-ஆல் சிறைச் செலவில் மிச்சமாகும் தொகை மனநலம், போதை சிகிச்சை, பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகள் ஆகியவற்றுக்குப் போகிறது. 36 வந்தால் அந்த மிச்சம் குறையும் என்று எல்.ஏ.ஓ. எழுதியிருக்கிறது. போதை வழக்குகளில் கட்டாய சிகிச்சை பற்றி 36 பேசுகிறது, ஆனால் சிகிச்சை மையத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்கவில்லை. பல கவுண்டிகளில் இடமே இல்லை.

தாமிரபரணி | 12 அக்டோபர் 2024

ஆளைப் பிடிப்பதில்லை என்பது உண்மைதான் தம்பி. ஏன் பிடிப்பதில்லை என்று கேட்டால், பிடித்தாலும் மாலையில் வெளியே வந்துவிடுவார் என்கிறார்கள். தண்டனைக்கு அர்த்தம் இருந்தால் பிடிக்கவும் முனைப்பு வரும் என்பது என் நம்பிக்கை. சிகிச்சைக்குப் பணம் பற்றி நீங்கள் சொன்னதை என் மகனும் சொன்னான். அதற்குச் சட்டமன்றம் ஒதுக்கட்டும். என் ஓட்டு மாறவில்லை.

நீலாங்கரை | 13 அக்டோபர் 2024

கடன் பத்திரம் பற்றி யாரும் பேசவில்லையே. 2-ம் 4-ம் தலா 1,000 கோடி டாலர். 2 பள்ளிக் கட்டடங்களுக்கு, 4 தண்ணீர், காட்டுத்தீ, பருவநிலைப் பணிகளுக்கு. வட்டியோடு சேர்த்து 2-க்கு வருடம் சுமார் 50 கோடி டாலர் வீதம் 35 வருடம், 4-க்குச் சுமார் 40 கோடி வீதம் 40 வருடம் மாநிலம் கட்டும்.

வீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க: மாநிலக் கடன் பத்திரத்தைப் பொது நிதியிலிருந்து அடைக்கிறார்கள். உங்கள் சொத்து வரியில் அது வராது. பள்ளி மாவட்டம், நகரம் போடும் உள்ளூர் பத்திரம்தான் சொத்து வரி ரசீதில் ஏறும். ரசீதை எடுத்துப் பாருங்கள். 1% அடிப்படை வரிக்குக் கீழே பள்ளி மாவட்டம், சமுதாயக் கல்லூரி என்று வரிவரியாக இருக்கும். ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு வருடம் நாம் குறித்த 'ஆம்'. அந்த ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் உள்ளூர் பத்திரங்களைப் படிப்பேன். ப்ராப் 5-ம் இதோடு சேர்ந்ததுதான்: மலிவு வீடு, சாலை, தண்ணீர் போன்றவற்றுக்கான உள்ளூர் பத்திரங்களுக்கு இப்போது வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவை 55% ஆகக் குறைக்கும்.

32 பற்றிச் சுருக்கமாக: குறைந்தபட்சக் கூலி 18 டாலர். சான்ஹோசேயில் இப்போதே 17.55. நமக்குப் பெரிய மாற்றமில்லை, மாநிலத்தின் நடுவில் உள்ள விவசாயப் பகுதியான சென்ட்ரல் வேலியில் இருக்கிறது மாற்றம்.

பொள்ளாச்சிக்காரி | 13 அக்டோபர் 2024

நாங்கள் இன்னும் கிரீன் கார்டு வரிசையில். ஓட்டு இல்லை. ஆனால் வரி கட்டுகிறோம், பிள்ளைகள் இங்கே பள்ளியில் படிக்கிறார்கள். பள்ளி வாரியத் தேர்தலில் எங்களுக்கு ஒரு குரலும் இல்லையா?

கல்லணை | 13 அக்டோபர் 2024

ஓட்டு இல்லை, குரல் உண்டு. பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம், குடியுரிமை கேட்கமாட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் குடிமக்கள் அல்லாத பெற்றோருக்குப் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் ஓட்டே உண்டு, 2016-ல் அந்த ஊர் மக்கள் அனுமதித்தது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் கிடையாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளர் பதிவுக் கேள்விக்குத் தெரியாமல்கூட 'ஆம்' சொல்லிவிடாதீர்கள். குடியுரிமை இல்லாமல் ஓட்டுப் போட்டால் நாடு கடத்தும் அளவுக்குப் போகும்.

வேட்பாளர்கள் பற்றி: பள்ளி வாரியம், நகர சபை எல்லாம் கட்சி சார்பற்றவை. சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. பெயரின் கீழே இருக்கும் தொழிலையும் நம் ஊர்ப் பெயரா என்பதையும் பார்த்துக் குறித்துவிடுகிறோம். தயவுசெய்து அது வேண்டாம். பதவியில் இருப்பவர் என்றால் ஒரு கூட்டத்தின் பதிவை ஓடவிட்டு, பட்ஜெட் விவாதத்தை மட்டும் பாருங்கள். பள்ளி மூடும் பேச்சு வந்தபோது என்ன கேட்டார், எண்கள் தெரிந்து கேட்டாரா, பேச வந்த பெற்றோரை எப்படி நடத்தினார்? அரை மணி நேரத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். புதியவர் என்றால் படிவம் 460 என்று ஒன்று இருக்கிறது, நன்கொடைக் கணக்கு. நகர எழுத்தர் அல்லது கவுண்டி தேர்தல் அலுவலக இணையதளத்தில் இருக்கும். ரியல் எஸ்டேட்காரர்கள் எவ்வளவு, தொழிற்சங்கங்கள் எவ்வளவு, பக்கத்து வீட்டுக்காரர்களின் ஐம்பது டாலர் எவ்வளவு என்று பார்த்தால் போதும்.

சான்ஹோசே வாசகி | 20 அக்டோபர் 2024

அம்மாவும் குடியுரிமை வாங்கியிருக்கிறார். ஆங்கிலம் கஷ்டம். சாண்டா கிளாரா கவுண்டியில் தமிழ் மாதிரிச் சீட்டு கிடைக்கிறது என்று தெரிந்து எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்து ஆங்கிலச் சீட்டில் குறித்தார். மாதிரிச் சீட்டிலேயே குறித்து அனுப்பக்கூடாது, மற்றவர்களும் கவனியுங்கள். 36-ல் அம்மாவும் நானும் எதிரெதிர்.

தண்ணீர் வாரியத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. விட்டுவிட்டால் சீட்டு செல்லாமல் போகுமா?

கரிசல்காடு | 20 அக்டோபர் 2024

போகாது. குறிக்காத இடம் எண்ணப்படாது, மற்றவை எல்லாம் எண்ணப்படும். தெரியாததை விட்டுவிடுவது கௌரவமான முடிவு. பெயர் பிடித்திருக்கிறது என்று குறிப்பதை விட நல்லது.

நீலாங்கரை | 20 அக்டோபர் 2024

இதில் நான் உடன்படவில்லை. நாம் விட்டால் அந்த இடத்தை நிரப்புவது தபாலில் பிரசாரத் தாள்களை அனுப்பிக் குவித்தவர்களின் ஆட்கள். அணை பராமரிப்பும் வெள்ளக் கட்டுப்பாடும் அந்த வாரியத்தின் கையில். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கிறது, ஒரு மாலை போதும் மேடம்.

வைகைக்கரை | 21 அக்டோபர் 2024

உறையில் போடும் கையெழுத்தைப் பற்றி ஒன்று. என் மனைவி ஓட்டுநர் உரிமத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டவர். மார்ச் தேர்தலில் உறையில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். பொருந்தவில்லை என்று கவுண்டியிலிருந்து கடிதம் வந்தது. அதிலுள்ள படிவத்தில் கையெழுத்திட்டு, கெடுவுக்குள் திருப்பி அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். பதிவில் எப்படியோ உறையிலும் அப்படியே போடுங்கள். தபாலில் அனுப்பினால் நவம்பர் 5 முத்திரை விழ வேண்டும்.

சான்ஹோசே வாசகி | 16 டிசம்பர் 2024

இறுதி முடிவுகள் வந்துவிட்டன, ஆகவே இழையை மேலே கொண்டுவருகிறேன். 2, 3, 4, 34, 35, 36 நிறைவேறின. 5, 6, 32, 33 தோற்றன. 36-க்குக் கிட்டத்தட்ட 68%. தாமிரபரணி ஐயாவுக்கு நிம்மதியாக இருக்கும். 34 ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைவாகத்தான் பாதியைத் தாண்டியது.

எனக்குத் தாங்க முடியாதது 6. சிறையில் கட்டாய வேலையை நிறுத்துவது. புத்தகத்தில் எதிர்ப்பு வாதம் எழுத ஒருவர்கூட முன்வரவில்லை, அந்தப் பக்கம் காலியாக இருந்தது. அப்படியும் 53% 'இல்லை'. அடுத்த மாநிலம் நெவாடாவில் இதே போன்ற ஒன்று அதே நாளில் ஜெயித்தது.

தாமிரபரணி | 16 டிசம்பர் 2024

6-க்கு நான் 'ஆம்' போட்டேன் அம்மா. 36-க்கும் 'ஆம்'. எனக்கு இரண்டிலும் முரண்பாடு தெரியவில்லை. திருடினால் தண்டனை வேண்டும், தண்டனையில் இருப்பவனைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக்கூடாது. கல்லணைத் தம்பி, சிகிச்சை இடங்களுக்குப் பணம் கேட்டு நம் அசெம்பிளி உறுப்பினருக்கு எழுதலாம் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கல்லணை | 17 டிசம்பர் 2024

எழுதுகிறேன் ஐயா. வரைவை இந்த வார இறுதியில் இங்கேயே போடுகிறேன்.

வைகைக்கரை | 17 டிசம்பர் 2024

33 மூன்றாவது முறையும் போனது. சுமார் 60% 'இல்லை'. வருத்தம்தான். ஆனால் 10% வரம்பு வைத்த 2019 சட்டத்துக்கு ஆயுள் 2030 ஜனவரி வரைதான். அதற்கு முன் சட்டமன்றம் அதை நீட்டிக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கூரையும் போகும். நீலாங்கரை அண்ணா, தேதியை நகர்த்தும் திருத்தத்துக்கு 'ஆம்' போட்டிருப்பேன் என்றீர்கள். அப்படி ஒரு மசோதா வந்தால் உரிமையாளராக நீங்கள் வந்து கமிட்டியில் பேசுவீர்களா?

நீலாங்கரை | 17 டிசம்பர் 2024

வருகிறேன் தம்பி. மசோதா எண் வந்ததும் சொல்லுங்கள்.